ஞாயிறு வரைக்கும்

"நீ எறங்காத. தாலி ஏறி மூணு நாளுதான் ஆவுது" என்று சொல்லி அம்மா முனியம்மா கார்க் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

நளினி கண்ணாடி வழியே பார்த்தாள். புலாவ் செபாங் மயானத்தில், செம்பனை மரங்களை ஒட்டிய மூலையில், அண்ணன் விமலன் குழிக்குள் குனிந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தைக் கிடத்தினான். அவன் குழந்தை ஒன்பது மணி நேரம் உயிரோடு இருந்தது. பெயர் வைத்திருக்கவில்லை.

"ஆம்பளப் புள்ளயா?" என்று புதுக் கணவன் கணேசமூர்த்தி கேட்டான். ஸ்டீயரிங்கின் மேல் கைப்பேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு."

அவன் ஏர்கோனைக் கூட்டினான்.

வெளியே அம்மாவின் குரல் ஓங்கியது. "கல்யாணத்துல ஓடி ஓடி வேல செய்யாதன்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டாளா?"

அண்ணி தேவமலர் அன்றைக்கு எதுவும் செய்யவில்லை. மண்டபத்தில் ஓரமாக ஒரு நாற்காலியில் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விமலன் மண்ணைத் தள்ளினான்.

தேவமலருக்கு வலி தொடங்கியது அதற்கு முந்தைய வியாழக்கிழமை. எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை நளினிக்குக் கல்யாணம். குழந்தை பிறந்தால் வீடு முழுக்கத் தீட்டு. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு தடவை தள்ளினால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தஹான் பண்ணிக்கோ லா, பொறுத்துக்கோ" என்றாள் முனியம்மா. பிறகு நளினியை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "என் முட்டி வலி மாத்திர இருக்குல்ல, அதக் குடு. வலி நிக்கட்டும். காத்து மாத்திரன்னு சொல்லு."

நளினி ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் முகப்பில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். அந்த மாத்திரை உறையில் கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்ற சீட்டை அவளே எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறாள். உறையைக் குப்பையில் போட்டுவிட்டு மாத்திரைகளை மட்டும் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோனாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, நான்கு நாள். வலி அடங்கியது. அண்ணி அவள் கையைப் பிடித்து, "நல்லவேள நளினி, ஒன் கல்யாணத்தப் பாத்துட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை மாலை பனிக்குடம் உடைந்தது.

மயானத்திலிருந்து திரும்பித் தலை முழுகிய பிறகு, நளினி சோறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்ததால் தேவமலரை இன்னும் அனுப்பவில்லை. டாக்டர் ஜனகா கட்டிலருகே நின்றிருந்தார்.

"வயித்துல இருக்கும்போது புள்ளையோட இருதயத்துக்குப் பக்கத்துல ஒரு குழாய் தெறந்திருக்கணும். பொறந்த பெறகுதான் மூடணும். ஒங்க புள்ளைக்கு முன்னாடியே மூடிருச்சு. அதான் மூச்சு விட முடியல. சில வலி மாத்திரைங்க அப்படிச் செய்யும். பிரசவ வலியையும் அடக்கிடும். எதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

"காத்து மாத்திர மட்டுந்தான் டாக்டர். இவதான் எடுத்துக் குடுத்தா. பேரு இவளுக்குத் தெரியும்."

இருவரும் நளினியைப் பார்த்தார்கள். அவள் சோற்று டப்பாவை மேசைமேல் வைத்தாள். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"காத்து மாத்திரதான் டாக்டர். கடையில விக்கிறது."

"உறை இருக்கா?"

"தூக்கிப் போட்டாச்சு."

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தேவமலர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் ஒடம்புலதான் ஏதோ கோளாறு" என்றாள்.

நளினி கட்டிலருகிலேயே நின்றாள்.

"ஏன் நிக்கிற? புதுப் பொண்ணு, கால் வலிக்கப்போவுது."

தையல் இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, தேவமலர் மெல்ல நகர்ந்து கட்டிலின் ஓரத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.