பனிக்கடலில் நானூற்றுப் பன்னிரண்டு குப்பைத்தொட்டிகள்

விசிலக்காவின் வார்டில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு குப்பைத்தொட்டிகள். எது எந்தத் தெருமுனையில் இருக்கிறது, எதற்கு மூடி இல்லை, எதன் சக்கரம் கழன்று போனது, எந்த வீட்டுக்காரர் எந்தத் தொட்டியை ராவோடு ராவாக அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். துப்புரவுப் பிரிவில் பத்தொன்பது வருடம். தெருக்கூட்டுபவராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக வந்தவள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் விசிலுக்குக் குப்பை லாரி மூன்று தெருவுக்கு அப்பாலேயே நின்றுவிடும். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தத் திங்கட்கிழமை புதிதாக வந்த பொறியாளர் எல்லா மேற்பார்வையாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனிமேல் லாரிகளுக்கு வழி சொல்லப்போவது கம்ப்யூட்டர் வரைபடமாம். அவரவர் வார்டுத் தொட்டிகளை அவரவரே அதில் ஏற்ற வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கெடு.

"வரைபடத்துல இல்லாத தொட்டிக்கு வண்டி போகாது. அவ்வளவுதான்" என்றார்.

"சார், எங்க வண்டி டிரைவருக்கு எல்லாத் தொட்டியும் தெரியுமே" என்றாள் விசிலக்கா.

"அவர் லீவு போட்டா?"

அந்த ஆள் லீவு போட்டால் பாதித் தெரு நாறுவது உண்மைதான்.

செவ்வாயும் புதனும் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "இது ரொம்ப சிம்பிள்" என்றுதான் ஆரம்பித்தார். திரையில் அம்புக்குறி வண்டு மாதிரி பறந்தது. பெட்டி திறந்தது, மூடியது, இன்னொரு பெட்டி திறந்தது. விசிலக்கா விடாமல் நோட்டில் எழுதினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் எடுத்துப் படித்தால், "வலது பக்கம் கிளிக், அதிலே மூன்றாவது, பிறகு ஓகே, மறுபடி ஓகே" என்று இருந்தது. எதன் மேல் வலது பக்கம் கிளிக் என்று ஒரு எழுத்தும் இல்லை.

அடுத்த நாலு வேலை நாளும் வார்டு முழுக்க நடந்தாள். ஒவ்வொரு தொட்டிப் பக்கத்திலும் நின்று, போனில் வந்த இரண்டு நீள எண்களைக் குறித்துக்கொண்டாள். அந்த இரண்டு எண்ணையும் சேர்த்தால் பூமியில் அந்த இடம் எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். வெயிலில் கால் வீங்கியதுதான் மிச்சம் என்று இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு வரிகளும் பட்டியலாக ஏறியிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக லேப்டாப்பில் அந்தப் பட்டியலை மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டாள். ஓகே, மறுபடி ஓகே. ஊர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த பன்னிரண்டாம் வார்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். படத்தைச் சின்னதாக்கினார். இன்னும் சின்னதாக்கினார். உலகம் முழுவதும் திரைக்குள் வந்த பிறகு, அதன் உச்சியில், பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கு நடுவில், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதைப் பெரிதாக்கினால் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.

"அக்கா, பனிக்கரடிக்கெல்லாம் தொட்டி வச்சிருக்கீங்க!"

அலுவலகமே கூடிவிட்டது. லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே போக ஸ்வெட்டர் யார் வாங்கித் தருவார்கள் என்று கேட்டார். விசிலக்கா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரலால் கூரையைக் காட்டினார்.

"மாடியில கேளேன். அவளுக்கு அதுதானே வேலை."

மாடியில் இருப்பது அவருடைய தம்பி குடும்பம். தம்பி மனைவி, அதாவது விசிலக்காவின் ஓரகத்தி, ஒரு தனியார் நிறுவனத்தில் வரைபடம் போடும் பிரிவில்தான் இருந்தாள்.

"அவகிட்ட கேக்கறதுக்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கலாம்."

"பிடுங்கிக்கிட்டா அப்புறம் எப்படிக் கேப்பே" என்றார் அவர்.

இரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் நேரடிப் பேச்சு இல்லை. தண்ணீர் மோட்டார் போடுவது முதல் வாசல் விளக்கை அணைப்பது வரை அண்ணனும் தம்பியும்தான் தூது. காரணத்தை விசிலக்கா கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஓரகத்திக்குக் குழந்தை பிறந்த புதிதில், ஒருநாள் இவள் வேலை முடிந்து வந்து, குளித்து, துணி மாற்றி, குழந்தையைப் பார்க்க மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் இருக்கும்போது மேலே ஓரகத்தி யாரிடமோ சொல்வது கேட்டது. "அக்கா குப்பைக் கையோட வந்து குழந்தையைத் தூக்கிடப் போறாங்க, பார்த்துக்கங்க." விசிலக்கா அப்படியே திரும்பி இறங்கினாள். அதன் பிறகு ஏறவே இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். ஓரகத்திதான் திறந்தாள்.

"தொட்டியெல்லாம் கடலுக்குப் போயிடுச்சு" என்றாள் விசிலக்கா. வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓரகத்தி லேப்டாப்பை வாங்கி மேஜையில் வைத்தாள். நாலு முறை கிளிக் சத்தம் கேட்டது. புள்ளிகள் அத்தனையும் ஊருக்குள் வந்து, அந்தந்தத் தெருமுனையில் சமர்த்தாக உட்கார்ந்தன.

"ஒண்ணுமில்லக்கா. எக்ஸும் ஒய்யும் மாத்திப் போட்டுட்டீங்க."

விசிலக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இப்ப நீ என்ன பண்ணே?"

"அதான், மாத்தினேன்."

"அது எனக்கும் தெரியுது. எதை அமுக்கினே? மறுபடி கடலுக்குப் போச்சுன்னா நான் ஒவ்வொரு தடவையும் இப்படித் தூக்கிட்டு வரணுமா? பழையபடி ஆக்கு. நானே பண்றேன்."

"மறுபடி கடலுக்கா?"

"கடலுக்குத்தான்."

தொட்டிகள் திரும்பக் கடலுக்குப் போயின. விசிலக்கா மவுஸைப் பிடித்தாள். அவள் அம்புக்குறியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோவதற்குள் ஓரகத்தியின் கை தானாக மவுஸுக்கு வந்தது. விசிலக்கா அதைத் தட்டிவிட்டாள். மூன்றாவது முறை தட்டியபோது ஓரகத்தி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். போன் முதலில் சொல்லும் எண் மேல்-கீழ் கணக்கு, அது ஒய். அடுத்தது பக்கவாட்டுக் கணக்கு, அது எக்ஸ். இதை விளங்கிக்கொண்டு, தானே செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் ஓரகத்தி விட்ட பெருமூச்சில் ஒரு அடுப்பையே ஊதிப் பற்றவைத்திருக்கலாம்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில், புள்ளிகளுக்குப் பின்னால் தெரு தெரியட்டும் என்று தெருப்படத்தைச் சேர்த்தாள். தொட்டியெல்லாம் மறைந்துவிட்டது. அழிந்தே போயிற்று என்று நினைத்து, பட்டியலை மறுபடி ஏற்றினாள். வரவில்லை. இன்னொரு முறை ஏற்றினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓரகத்திக்குப் போன் செய்தாள்.

"அக்கா, லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணு விரிச்ச பாய் மாதிரி. தெருப்படம் மேல கிடக்கு. தொட்டி அடியில கிடக்கு. இடது பக்கம் பேர் இருக்கு பாருங்க, தொட்டியைப் பிடிச்சு மேல இழுங்க."

இழுத்தாள். வந்தன. மூன்று முறை ஏற்றியதால் ஒவ்வொரு இடத்திலும் மூன்று தொட்டி, மொத்தம் ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. இரண்டு பாயை உருவி எறிந்தாள். அப்புறம் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, அளவு என்ன, மூடி உண்டா, சக்கரம் உண்டா என்று தட்டத் தொடங்கினாள். சோறு ஆறிப்போனது. கழுத்து பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்குக் கடைசித் தொட்டியையும் முடித்துச் சேமித்தபோது, நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். அலுவலகம் பதறிப்போனது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கை சும்மா இருக்காமல் ஃபோல்டரைச் சுத்தம் செய்யப் போனாள். பார்த்தால், "தொட்டி" என்று ஒரே பெயரில் ஐந்து ஃபைல். கடைசி மூன்று எழுத்து மட்டும் வேறு வேறு. ஒரு வேலைக்கு ஐந்து ஃபைல் எதற்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டு நாலைத் தூக்கிப் போட்டாள். வரைபடத்தைத் திறந்தாள். திறக்கவில்லை.

சாயங்காலம் மாடியில் ஓரகத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அந்த அஞ்சும் சேர்ந்துதான்க்கா ஒரு ஃபைல். ஒண்ணுல புள்ளி இருக்கும், ஒண்ணுல நீங்க தட்டின விவரம் இருக்கும். ரீசைக்கிள் பின்ல கிடக்கும், பார்க்கலாம்."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"ஏன்க்கா!"

"குப்பையைச் சேர்த்து வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றவ நான்."

ஓரகத்தி சிரிக்கவில்லை. அவளும் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவள். குழந்தை வேறு காலைக் கட்டிக்கொண்டு அழுதது. "தெரியலைன்னா தொடாம விடலாம்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எல்லாருக்கும் எல்லா வேலையும் வந்துடாதுக்கா."

"குப்பைக் கைக்கு வராதுன்னு சொல்லேன்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தது.

"நான் எப்ப அப்படி..." என்று ஆரம்பித்த ஓரகத்தி நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் மாறியது. "படியில இருந்தீங்களா?"

"பாதிப் படியில. குளிச்சிட்டுதான் வந்தேன். தலைகூட ஈரம் காயலை."

சொல்லவில்லை என்று ஓரகத்தி சாதிக்கவில்லை. குழந்தைக்காகப் பயந்தேன் என்று சாக்குச் சொல்வாள் என விசிலக்கா எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை.

"சொன்னேன்க்கா. வாய்ல வந்துடுச்சு. நீங்க மேல வர்றதை நிறுத்தினப்போ கேட்டிருப்பீங்களோன்னு தோணுச்சு. வந்து கேக்க தைரியம் இல்லை. நாள் ஆக ஆக இன்னும் இல்லாம போச்சு. தப்புதான்."

விசிலக்கா இந்தப் பேச்சுக்கு இரண்டு வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, தொட்டி எண்ணும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்கள். இப்போது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"ரெண்டு வருஷம்" என்றாள். "பிள்ளை ஓடவே ஆரம்பிச்சிடுச்சு."

குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. வலித்தது, இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி, அந்தப் பட்டியல் இருக்கு. முதல்லேர்ந்து சொல்லு. மவுஸ்ல மட்டும் கை வச்சே, தொலைஞ்சே."

வியாழக்கிழமை முழுவதும் அவள் மறுபடி தட்டினாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. பத்து தொட்டிக்கு ஒரு முறை சேமித்தாள். ஐந்து ஃபைலையும் மூன்று இடத்தில் பிரதி எடுத்துவைத்தாள். பன்னிரண்டாம் வார்டுக்காரர் ஃபோல்டரைத் தொட்டுப் பார்க்க வந்தபோது அவர் கையில் ஸ்கேலால் ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பதினாலு வார்டில் மூன்று வார்டின் வரைபடம் மட்டுமே வந்திருந்தது. பொறியாளர் விசிலக்காவின் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். மூடியில்லாத தொட்டிகள் மஞ்சள், சக்கரம் போனவை நீலம். அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நல்லா வந்திருக்கு. யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"என் ஓரகத்தி, சார்."

"நல்லது. மத்த வார்டுக்கெல்லாம் இன்னும் ரெண்டு வாரம் டைம் தர்றேன்" என்றார் அவர். விசிலக்காவுக்குச் சுருக்கென்றது. ஆறிப்போன சோறும் பிடித்துக்கொண்ட கழுத்தும் அவளுக்கு மட்டும்தானா? அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "நீங்க முடிச்சிட்டீங்கல்ல, சும்மா இருக்க வேண்டாம். லாரி போற வழியையெல்லாம் கோடு கோடா போட ஆரம்பிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்தவள் கீழே செருப்பைக் கழற்றிய கையோடு மாடிக்கு ஏறி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். ஓரகத்தி சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி சிரிக்கறே?"

"கோடு போடறது புள்ளி மாதிரி இல்லக்கா. ஒரு முனை இன்னொரு முனையோட சரியா ஒட்டணும். மயிரிழை விட்டாலும் வண்டி அங்கேயே நின்னுடும். புள்ளியே தேவலைன்னு அழுவீங்க."

விசிலக்கா லேப்டாப்பைத் தொம்மென்று மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தாள்.

"அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு டீ போடு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."