இரண்டு டின் கறுப்பு

கறுப்பு பீர் டின்னில் கறுப்பு இருக்காது. அதைக் காய்ச்சுகிற வீடுதான் கறுப்பைக் கொடுக்க வேண்டும். டின்னுக்குள் இருப்பது கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியான ஒரு கசப்புப் பாகு. தண்ணீரில் கரைத்து வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பாகத் தெரியும். ஈஸ்ட் தூவிப் பதினான்கு நாள் மூடி வைத்தால், வீட்டில் உள்ள கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு கறுத்துவிடும். மெல்பர்னில் வீட்டில் பீர் போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். தோசைக்கல், ஷூ, பழைய குடை என்று எதையாவது வாளிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அவை வெளுத்துப்போகும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஒரு டின்னும் ஒரு கிலோ சீனியும்தான் வழக்கமான அளவு. என் மகன் ராஜகுரு சீனியை விட்டுவிட்டு இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றினான். அப்போதுதான் கனமாக வருமாம். அவன் மனைவி சுபாஷினிக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் திறக்க வேண்டும், அதுவரை தாங்க வேண்டுமென்றால் கனம் வேண்டும் என்று அவன் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். சுபாஷினியின் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிரசவம் பார்க்கச் சாத்தூரிலிருந்து நான்தான் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. வீட்டில் பேசும்போது அந்தச் சாமானை நான் பேர் சொல்ல மாட்டேன். வாளி என்றுதான் சொல்வேன். முருகனிடம் மட்டும், "பிள்ள ஆசைப்படுதான், நீ கண்டுக்காத" என்று சொல்லி வைத்தேன்.

தப்பு என்னுடையதுதான். டின்களை வெந்நீரில் போட்டு இளக்கி, பாகை வழித்து ஊற்றி, இருபது லிட்டருக்குத் தண்ணீர் விட்டு முடிக்கும்போது ராஜகுருவுக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது. "எம்மா, அந்த ரெண்டு பாக்கெட்டையும் மேலாப்ல தூவி மூடிரு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். தூவினேன். தூள் மேலேயே மிதந்தது. நாற்பது வருஷம் இட்லி மாவு புளிக்க வைத்தவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். வளையலைக் கழற்றி வைத்தேன். வாளிக்குள் கையை விட்டு அடி வரை சுற்றிச் சுற்றிக் கலக்கினேன். கைச்சூடு பட்டால்தானே பொங்கும். உப்பு போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். குளிர் ஊர் என்பதால் என் நூல் சேலை ஒன்றை வாளியைச் சுற்றிக் கட்டி ஹீட்டர் பக்கம் வைத்தேன்.

மறுநாள் காலையில் வாளி நன்றாகப் பொங்கி, மூடியில் செருகியிருந்த குழாய் வழியாகப் பொளக் பொளக்கென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாளிப் பக்கத்தில் வைத்திருந்த தோசைக்கல்லை ராஜகுரு தூக்கிப் பார்த்தான். கறுப்பு அப்படியே இருந்தது. ஷூவும் அப்படியே இருந்தது.

அவன் மீசை வெளுத்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் சுபாஷினி. "பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கீங்க." அவள் கூந்தல் இடுப்பு வரைக்கும் கருகருவென்று கிடந்தது.

மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து என் மகள் சண்முகக்கனி போன் செய்தாள். அவள் அங்கே பள்ளிக்கூட டீச்சர்.

"எம்மா, அங்க என்ன செய்த? என் தலமுடி பாதி வெள்ளையாயிட்டு. பிள்ளைக எல்லாம் பாட்டி டீச்சருங்குதுவ."

"ஒண்ணுமில்லத்தா. வாளி பொங்குது."

"பீரா?"

"வாளி."

"எத்தன டின்னு போட்டான்?"

"ரெண்டு."

"பெரிய இவன்," என்றாள். "என்னைய விடு. மதினிய நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் டின் வாங்கிய கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் நவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயசு இளையவராக இருப்பார். என் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை பூனைமயிர் வெளுத்திருந்தது.

"கைய விட்டனீங்களோ அக்கா?"

"ஆமா தம்பி. கழுவிட்டுத்தான் விட்டேன்."

"கழுவினா என்ன, கழுவாட்டி என்ன. கரண்டியால கலக்கினா சாமான்களின்ட கறுப்ப எடுக்கும். கையால கலக்கினா ஆக்களின்ட கறுப்பத்தான் எடுக்கும். உங்கட ரத்தம் எங்கெங்க ஓடுதோ அங்கயெல்லாம் போகும்."

"அதான் எனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் சுபாஷினி.

நவரத்தினம் அவள் வயிற்றைப் பார்த்தார். "உங்களுக்கு இல்லைப் பிள்ளை," என்றார்.

குழந்தை உடம்பில் ஓடுவது என் ரத்தமும்தான். அது படுத்திருப்பது வயிற்றுக்குள், கும்மிருட்டில். அதைவிட நல்ல கறுப்பு வேறு எங்கே இருக்கிறது? வாளி அதை இழுத்துவிட்டால் உள்ளே வெளுத்துவிடும். விடிந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தை எழுந்து வந்துவிடும். அது வருவதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

"கொட்டிரலாமா அண்ணே?" என்று ராஜகுரு கேட்டான்.

"கொட்டக் கூடாது. அரைவாசியில கொட்டினா பசியோட ஓடும். கடலுக்க போய் நிண்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு நிப்பாட்ட ஏலாது. பதினாலு நாளைக்குள்ள அதின்ட வயிறு நிரம்ப வேணும். ஒரு கிளாஸில எடுத்துப் பின்னால டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. வெளிச்சம் தெரியாட்டி நிரம்பிட்டுது எண்டு அர்த்தம்." கதவு வரை வந்து வழியனுப்பினார். "உங்களிட்ட இருக்கிற வேற எந்தக் கறுப்பையும் கேட்டுக் குடுங்கோ, கண்ணுக்குள்ள இருக்கிற மணிய மட்டும் குடுத்திடாதேங்கோ அக்கா. போன வருசம் ஒருத்தர் குடுத்தவர்."

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். நர்ஸ் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சுபாஷினி எனக்குத் தமிழில் சொன்னாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஓரமாக ஒரு வெளுப்பு இருந்தது. கிழக்கே ஐந்து மணிக்கு வருமே, அந்த வெளுப்பு. குழந்தை கண்ணைக் கசக்குகிறது என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். வீட்டில் யாரும் காலை நேரத்துச் சத்தம் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை கிடையாது. அலாரம் வைக்கவில்லை. குக்கர் விசில் அடிக்காமல் சோற்றை வடித்தேன். மிக்ஸியை எடுத்துப் பரணில் வைத்தான் ராஜகுரு. காபி வாசம் போகக் கூடாது என்று அவன் தெருமுனையில் நின்று குடித்துவிட்டு வந்தான். நான் விளக்கேற்றினேன், மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் காலை வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். ராஜகுரு விஷயத்தைச் சொன்னதும், வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

தினமும் வாளி முன்னால் உட்கார்ந்து கும்பிட்டேன். எனக்குப் பெரிய மந்திரமெல்லாம் தெரியாது. "இந்தா, இத எடுத்துக்கோ. அங்க போகாத," அவ்வளவுதான். என் தலை முன்னமே நரைத்தது. ஆறாம் நாள் மோவாயில் இருந்த மச்சத்தைக் கொடுத்தேன். ஏழாம் நாள் இரண்டு புருவம். எட்டாம் நாள் சண்முகக்கனி தானாகவே போன் செய்து, "மிச்சப் பாதியையும் எடுத்துக்கச் சொல்லு. அரகுறையா இருக்கதுக்கு முழுசா வெளுத்துட்டுப் போட்டும்" என்றாள். ராஜகுரு தலையையும் தாடியையும் கொடுத்தான். ஒன்பதாம் நாள் என் நிழலைக் கொடுத்தேன். வெயிலில் நடந்தால் காலடி வெறிச்சென்று இருந்தது. பழக ஒரு நாள் ஆயிற்று. பத்தாம் நாள் ராஜகுரு தன் நிழலைக் கொடுத்தான்.

தினமும் ஒரு கிளாஸ் எடுத்து அலமாரிக்குள் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். முதலில் பால் விடாத டீ மாதிரி இருந்தது. பிறகு மாதுளை மாதிரி ஆனது. பதினோராம் நாள் கார் பின்னால் எரிகிற லைட் மாதிரி ஒரு சிவப்பு. அதற்குமேல் கறுக்கவில்லை. சுபாஷினி வயிற்றில் கை வைத்தால் உள்ளே புரண்டு புரண்டு படுப்பது தெரிந்தது. தூக்கம் கலைந்துவிட்ட பிள்ளை அப்படித்தான் படுக்கும்.

பன்னிரண்டாம் நாள் பகல் பத்து மணிக்குச் சுபாஷினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"அத்தை, உள்ள இருந்து தட்டுற மாதிரி இருக்கு."

"எப்படித் தட்டுது?"

"கதவு திறங்கன்னு தட்டுற மாதிரி."

அவளைப் படுக்க வைத்து, போர்வை மேல் போர்வையாக மூன்று போட்டேன். வயிற்றில் தட்டிக்கொண்டே, "இன்னும் விடியல கண்ணு. மணி ரெண்டுதான் ஆகுது. படுத்துக்கோ" என்றேன். பொய்தான் சொன்னேன். தட்டுவது கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் தட்டியது.

ராஜகுரு வாளிப் பக்கத்தில் நின்றான். தலை, மீசை, தாடி எல்லாம் வெளுத்து என் அண்ணன் மாதிரி இருந்தான். "எம்மா, ஒரு கண்ணு மட்டும் குடுத்தா என்ன? இன்னொன்னு இருக்கும்லா."

"போய் அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காரு."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"போன்னா போ."

அவன் போன பிறகு வாளி முன்னால் உட்கார்ந்தேன். கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. தலையிலிருந்து கால் வரை நினைத்துப் பார்த்துவிட்டேன். முருகா என்று கண்ணை மூடினேன். மூடியதும் இருட்டாக இருந்தது.

அந்த இருட்டு அங்கே இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதுவும் என்னுடையதுதான் என்று அதுவரை தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாமி கும்பிடும்போது நான் போய் உட்காருகிற இடம் அது. ராஜகுருவின் அப்பா செத்த அன்றைக்கும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முருகன் முகம் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்றேன்.

அவர் தள்ளி நின்றார். வாளி எடுத்துக்கொண்டது.

கண்ணைத் திறக்காமலே வாளியையும் அதைச் சுற்றியிருந்த சேலையையும் பார்த்தேன். எதிரே சுவர்க்கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. அறைக்குள்ளிருந்து ராஜகுரு, "எம்மா, தட்டுறது நின்னுட்டு" என்றான். ஒரு கிளாஸ் எடுத்து அலமாரியில் வைத்து டார்ச் அடித்தோம். வெளிச்சம் வரவில்லை. கிளாஸை நகர்த்திப் பார்த்தோம். டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பதினான்காம் நாள் பாட்டிலில் அடைத்தோம். பெரிய பாட்டில் இருபத்தாறு வந்தது. ராஜகுரு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சீனி போட்டான். நான் மூடியை வைத்து அழுத்தினேன். இந்தத் தடவை கரண்டியைத் தவிர எதையும் தொடவில்லை. அந்த வாரம் ஸ்கேனில் உள்ளே கும்மிருட்டாக இருந்தது. குழந்தை அசந்து தூங்குகிறது என்று நர்ஸ் சொன்னாள். நாங்கள் மிக்ஸியைப் பரணிலிருந்து இறக்கினோம்.

அதன்பிறகு நான் கண்ணை மூடினால் எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் தெரிகிறது. கும்பிடும்போது ஹீட்டர் தெரிந்தால் ஹீட்டரைக் கும்பிட்டுக்கொள்வேன். தூங்குவதற்குத் துண்டைக் கண்ணில் கட்டிப் பார்த்தேன். துண்டின் உள்பக்கம் தெரிந்தது. பூப்போட்ட துண்டு. பூவை எண்ணிக்கொண்டே தூங்கப் பழகினேன்.

சொன்ன தேதிக்கு, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு மணி நேரமும் முன்னே பின்னே ஆகாமல் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ. தலை நிறையக் கறுப்பு முடி. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் இரண்டு பொதிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் குழந்தை இருந்தது. இன்னொன்றில் அது இதுவரை படுத்திருந்த இருட்டு இருந்தது. குழந்தை வெளியே வந்த பிறகும் அது அப்படியே இருந்ததாம்; இங்கே அதை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாம். வெள்ளைத் துணியில் நன்றாகச் சுற்றி, சுபாஷினி பேர் எழுதிய பட்டை கட்டியிருந்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. ராஜகுரு கையெழுத்துப் போட்டான்.

காரில் குழந்தை சீட் ஒன்றுதான் இருந்தது. அதற்கும் தனி சீட் இருந்தால்தான் காரில் ஏற்றலாம் என்று நர்ஸ் சொன்னாள். ராஜகுரு இன்னொரு சீட் வாங்கக் கடைக்குப் போனான். சுபாஷினி பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். நான் வாசலில் நின்றேன், இடது கையில் குழந்தை, வலது கையில் அது.

இரண்டில் அதுதான் கொஞ்சம் கனமாக இருந்தது. கையை மாற்றிக்கொண்டேன்.