இறங்கிய பந்து

"ஜெயிச்சது தப்பா சார்? அதை மட்டும் சொல்லுங்க. நான் தும்மல, ஃபேன் போடல, கைதட்டல. பந்து தானா இறங்கிச்சு. இறங்கத்தானே மேல போச்சு?"

பி.டி. மாஸ்டர் ஞானதுரை என்னமோ சொன்னாரு. செண்பகவல்லி விடல.

"மன்னிப்புக் கடிதமா? எதுக்கு சார்?"

விஷயம் இதுதான். அவங்க காலேஜ் உள்ளரங்கத்துல 1973-ல ஒரு பாஸ்கெட்பால் ஃபைனல். இவங்க அம்பத்தெட்டு, வந்தவங்க அம்பத்தேழு, மிச்சம் ரெண்டு செகண்டு. வந்த டீமோட ஒன்பதாம் நம்பர் மரியசூசை பந்தை எறிஞ்சாரு. அது நேத்து வரைக்கும் கீழ வரல. வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை வீதம் கிழக்கு ரிங்கைப் பாத்து நகந்துக்கிட்டே இருந்துச்சு. மரியசூசையும் தூக்குன கையை இறக்காம நின்னாரு. பந்து விழாம கையை இறக்குனா மரியாதை இல்லையே. அவரு டீம் வெளிய பஸ்ஸுல, பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

அதனால அந்த அரங்கத்துக்குப் பெரிய பேரு. வெளியூர்லருந்து பஸ் போட்டு வந்து பாப்பாங்க. பந்துக்கு அடியில போறவங்க குனிஞ்சுதான் போகணும், பந்து பன்னெண்டு அடி உசரத்துல இருந்தாலும். வருஷத்துக்கு ஒரு ஸ்டூடண்ட் ஸ்டூல் போட்டு உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். அட்டெண்டன்ஸ் உண்டு. முடிச்சா பேரைச் சுவத்துல பெயின்ட்ல எழுதுவாங்க. அம்பது பேரு இருக்கு. அம்பத்தொண்ணாவது செண்பகவல்லி.

கிழக்குப் பக்கம் மேட்ச் நடந்துக்கிட்டு இருந்ததால, காலேஜ் டீம் அம்பது வருஷமா மேற்கு ரிங்குலதான் பிராக்டிஸ். வெளியூர் போனா பாதி மேட்ச் வரைக்கும் பின்னி எடுப்பாங்க. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுனதும் எந்தப் பக்கம் எறியறதுன்னு தெரியாம பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. செண்பகவல்லியும் அப்படி மூணு தடவை நின்னவதான்.

நேத்து காலையில பதினொன்னே காலுக்குப் பந்து ரிங்கைத் தொட்டுச்சு. ஒரு சுத்து சுத்துச்சு. ரெண்டு சுத்து. செண்பகவல்லி மூச்சுகூட விடல. வெளிப்பக்கமா சாஞ்சு தரையில விழுந்து, மூணு தடவை குதிச்சு, அவ ஸ்டூலுக்கு அடியில போய் நின்னுச்சு. அம்பத்தெட்டு, அம்பத்தேழு. காலேஜ் ஜெயிச்சுருச்சு.

மரியசூசை கையை இறக்குனாரு. தோள்பட்டையை நீவி விட்டுக்கிட்டாரு.

"அப்பாடா. கொஞ்சம் தண்ணி கொடும்மா."

அவ பாட்டிலை நீட்டுனா. முழுசா குடிச்சாரு.

"தோத்துட்டீங்களேண்ணே."

"அதான் தெரிஞ்சுபோச்சுல்ல? இனி நிம்மதியா தூங்கலாம்."

பஸ் ஹாரன் அடிச்சுச்சு. நொண்டி நொண்டிப் போய் ஏறிக்கிட்டாரு. பஸ் கெளம்பிருச்சு. அன்னைக்கு சாயங்காலமே டீம் மொத்தமும் கிழக்கு ரிங்குல எறிஞ்சு பாத்துச்சு. ஒண்ணுகூட விழல. ஆனா ஒருத்தர் முகத்துலயும் கவலை இல்ல. செண்பகவல்லிக்கு நெஞ்சுல இருந்த ஒரு கல்லு கரைஞ்ச மாதிரி இருந்துச்சு.

ஞானதுரைக்குத்தான் கரையல.

"இனி யாரு வந்து பாப்பாங்கன்னு என்னைக் கேட்டா? மேட்ச்சை வந்து பாக்கட்டும் சார். பதினோரு மாசம் கழுத்து வலிக்க உக்காந்தேன். என் பேரை எழுத மாட்டேன்னா எப்படி? மத்த அம்பது பேரும் தொங்குற பந்தைத்தான் பாத்தாங்க. விழுந்ததைப் பாத்தவ நான் ஒருத்திதான்."

ஞானதுரை மறுபடி என்னமோ சொல்லித் தரையைக் காட்டுனாரு. அவளும் பாத்தா. பந்து விழுந்துருச்சே தவிர, பந்தோட நிழல் விழல. தரையில பழைய இடத்துலேயே வட்டமா கெடந்துச்சு. இல்ல, கெடக்கல. ரிங்கோட நிழலைப் பாத்து நகந்துக்கிட்டு இருந்துச்சு.

செண்பகவல்லி ஸ்டூலை நிழல் பக்கமா இழுத்துப் போட்டா. உக்காரல.

"உக்காரறேன் சார். ஆனா ரெண்டு கேள்வி. என் பேரு சுவத்துல உண்டா, இல்லையா? இந்த நிழல் அந்த நிழலுக்குள்ள விழுந்தா அதுக்கும் ரெண்டு பாயிண்ட் உண்டா? காதுக்குள்ள சொல்லாதீங்க. நாளைக்குக் காலேஜே கூடியிருக்கும்போது பிரின்சிபாலை மைக்ல பதில் சொல்லச் சொல்லுங்க!"