பின்னேர வகுப்பின் அறிக்கைகள்

தாரிகா வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க வரத்தொடங்கி ஒரு தவணைதான் ஆகியிருந்தது. பிரதி அதிபர் கிளறன்ஸ் சேர் அவளைக் கூப்பிட்டுப் புதுப் பொறுப்பொன்று கொடுத்தார். பதினோராம் தரத்தில் பின்தங்கிய பதின்மூன்று பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்ட பிறகு, இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும், தனியாக வகுப்பு எடுக்கவேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்களைத் தயார்படுத்துவது மட்டுமல்ல, நேரத்துக்கு வருவது, வீட்டுவேலை செய்வது, லீவுக் கடிதம் கொண்டுவருவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளைக்கு ஒரு பக்கமாக அறிக்கை எழுதித் தரவேண்டும்.

"மறைக்காம எழுதுங்க மிஸ். அப்பதான் அதுகளுக்கு உதவி செய்யலாம்," என்றார்.

அவர் மெதுவாகக் கதைக்கிற மனிதர். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் தானே மருந்து போட்டுவிடுவார். தாரிகாவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

வகுப்பும் பிடித்திருந்தது. கேள்வியை இரண்டு தரம் வாசித்து, 'காண்க' என்றிருக்கிறதா 'நிறுவுக' என்றிருக்கிறதா என்று கோடு போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்கவேண்டும் என்று பழக்கினாள். தெரியாத கணக்கிலேயே நின்று நேரத்தைத் தொலைக்கக்கூடாது என்றாள். முதல் மாதம் ஒரே சத்தம். எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது, எல்லோரும் கேட்டார்கள். ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் அஷ்வினிதான் அதிகம் கேட்டவள். ஒரே கணக்கை நாலு தரம் பிழைவிடுவாள், ஐந்தாம் தரம் தானே சிரித்துக்கொண்டு திரும்பத் தொடங்குவாள். காலையில் தங்கச்சியைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வருவதால் கிழமைக்கு மூன்று நாள் பாடசாலைக்குப் பிந்துவாள்.

தாரிகா எல்லாவற்றையும் அவளுடைய அறிக்கையில் எழுதினாள். பின்னங்கள் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கிழமையும் மூன்று நாள் தாமதம். இப்படியே போனால் இம்முறை சித்தியடைவது கடினம். அப்படி எழுதினால் யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நம்பினாள்.

இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்த கிழமை முத்து என்ற பையன் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தாள். அடுத்த கிழமை இன்னும் இரண்டு பேர் இல்லை. கேட்டபோது மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவுப் பதிவேட்டில் அந்த மூன்று பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் 'பெற்றோரின் விருப்பப்படி' என்று எழுதியிருந்தது. பிறகு அஷ்வினியும் வராமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

வகுப்பில் சத்தம் இல்லாமல் போனது. மிச்சமிருந்த எட்டுப் பேரும் நேரத்துக்கு வந்தார்கள், காலணி மினுங்கியது, லீவு கேட்கவில்லை. ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. தாரிகா பேனையை எடுத்தால் எல்லோருடைய கண்ணும் பேனையில் நின்றது. முக்கோணமே ஒழுங்காகக் கீறத்தெரியாத விஷ்ணுப்பிரியா, வீட்டுவேலையில் ஒரு பிழையும் இல்லாமல் கொண்டுவந்து வைத்தாள். கரும்பலகையில் அதே கணக்கைச் செய்யச் சொன்னபோது சோக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரிட்டப் பார்த்து எழுதினனீர்? நான் ஏசமாட்டன், சொல்லும்."

விஷ்ணுப்பிரியா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "பிழை விட்டா அறிக்கையில எழுதுவீங்களா மிஸ்?"

அன்று தாரிகா வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறவில்லை. முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்கு நடந்தாள். முருகன் கோயிலைத் தாண்டி, ஆள் ஒருவர்தான் போகக்கூடிய ஒழுங்கையில் அஷ்வினியின் வீடு இருந்தது. அவளுடைய தாயான பெத்தாள் கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள். கோபப்படவில்லை, உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. மகள் ஏன் வருவதில்லை என்று கேட்டதும், போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

உள்ளே தட்டச்சடித்த கடிதம் ஒன்றின் பிரதி. என் பிள்ளையை இம்முறை பாடசாலைப் பரீட்சார்த்தியாக அனுப்ப நான் விரும்பவில்லை, அடுத்த வருடம் தனிப்பட்ட முறையில் தோற்றுவார் என்றிருந்தது. கீழே பெத்தாளின் கோணல் கையெழுத்து. தாரிகா அதோடு பின் பண்ணியிருந்த தாளைத் திருப்பினாள். அவளுடைய எழுத்து. அவளுடைய அறிக்கையின் பிரதி. 'சித்தியடைவது கடினம்' என்ற வரிக்குக் கீழே யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள்.

"கிளறன்ஸ் சேர் தன்மையாத்தான் பேசுனாரு," என்றாள் பெத்தாள். "படிப்பிக்கிற டீச்சரே இப்பிடி எழுதிக் குடுத்திருக்காங்க, புள்ளைய அவமானப்படுத்தாதீங்கன்னாரு. நீங்கதானே டீச்சர் எழுதினது?"

"நான்தான். ஆனா இதுக்கு இல்லையம்மா."

திரைச்சீலைக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. தாரிகா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அஷ்வினியின் குரல் மட்டும் வந்தது.

"நீங்க எழுதினது சரிதான் மிஸ். எனக்கு வராது."

அடுத்த நாள் காலையில் கிளறன்ஸ் சேரின் அறையில் தாரிகா அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தார். போன வருடம் சித்தி வீதம் எவ்வளவு விழுந்தது, அதனால் புதுப் பிள்ளைகள் சேருவது எப்படிக் குறைந்தது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"நான் ஒருத்தரையும் போகச் சொல்லல்ல மிஸ். நீங்க எழுதினதக் காட்டினேன். அவ்வளவுதான். அதில என்ட எழுத்து ஒண்டும் இல்ல, பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் அதன் பொருள் அவளுக்கு விளங்கியது. கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவள் அவள்.

பரீட்சை விண்ணப்பம் அனுப்ப இன்னும் நாலு நாள் இருந்தது. பின்னேரங்களில் தாரிகா ஐந்து வீடுகளுக்கும் போனாள். முகத்துவாரத்தில் முத்துவின் தகப்பன் முதலில் அவளை வாசலிலேயே நிற்கவைத்தார். தான் எழுதியதால்தான் இது நடந்தது என்று அவள் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சொன்னாள். பிறகு, கையெழுத்து வைத்ததைத் திருப்பி எடுக்கலாம், பிள்ளையைப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்றாள். கடைசி நாள் காலை நாலு பெற்றோர் அவளோடு அதிபரின் அறைக்குப் போனார்கள். அதிபர் கடிதங்களை அப்போதுதான் முழுதாக வாசித்தார் போலிருந்தது. கிளறன்ஸ் சேரை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நாலு பெயரையும் திரும்பச் சேர்த்தார்.

பெத்தாள் வரவில்லை. அஷ்வினி மாட்டேன் என்று அழுததாக முத்துவின் தகப்பன் சொன்னார்.

அந்த நாலு பேரில் மூன்று பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். முத்து அந்த ஒரு பாடத்தை மட்டும் தவறவிட்டான், மற்றதெல்லாம் எடுத்துவிட்டான். பெறுபேறு வந்த கிழமை கிளறன்ஸ் சேர் எல்லோர் முன்னாலும் தாரிகாவைப் பாராட்டினார். பிறகு அறைக்குக் கூப்பிட்டு அடுத்த தொகுதிப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்தார். படிப்பிப்பேன், அறிக்கை எழுதமாட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. திங்கட்கிழமை அந்த வகுப்பு, புதிதாக வந்திருந்த சஹ்லா என்ற ஆசிரியையிடம் போயிருந்தது.

தாரிகா அவளைத் தேடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். சஹ்லா பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க வருவீங்க எண்டு சேர் சொன்னார் மிஸ்," என்றாள். "போன வருஷம் உங்களுக்கு வேலை கூடி மனசு சரியில்லாமப் போனதாம். அவர் உங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னார்."

அவளுடைய கண்ணில் இரக்கம் இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடந்தகால வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்குப் போகிறாள். பெத்தாள் மரியாதையாக வாங்கி வைக்கிறாள். போன கிழமை கொடுத்ததை அஷ்வினி செய்தாளா என்று கேட்டால், மேசையில் இருக்கிறது என்கிறாள். உள்ளே தொலைக்காட்சி ஓடுகிறது. தாரிகா வந்தது தெரிந்ததும் அதன் சத்தம் கூடுகிறது.