ஓரம்வரை போன கோடு

அவருக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் குடும்பத்தில் பொடிசு முதல் பெரிசு வரை எல்லோருக்கும் அவர் 'கட்டம்'தான். தொழிற்சாலையில் நானூறு பேரில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுகிறவர். இருபது வருஷமாக ஸ்ப்ரெட்ஷீட்டையே பார்த்துப் பார்த்து, எதையும் கட்டத்துக்குள் அடைத்தால்தான் மனுஷனுக்கு நிம்மதி. குப்பை எடுத்து வைக்கும் நாள், தலையணை உறை மாற்றும் நாள் எல்லாவற்றுக்கும் சமையலறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். "என்னையும் ஒரு கட்டத்துல போட்டுடுங்க, நான் அதுலயே இருந்துக்கறேன்" என்பாள் மனைவி. போட்டுத்தான் இருந்தார். குடும்ப மரத்தில், தன் கட்டத்துக்கு வலப்பக்கத்தில்.

அந்தக் குடும்ப மரம் அவர் கைவேலை. வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். அந்த வருஷம் பிறந்தது, கல்யாணமானது எல்லாம் சேர்த்துப் புதிதாக அச்சடித்த மரம் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், தன் கட்டத்தைத் தேடி, சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட வேண்டும். தொழிற்சாலை வருகைப் பதிவை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் கட்டம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது டிக் போடாமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

ஒரு வருஷம் யாரோ சொன்னார்கள் என்று இதற்கென்றே இருக்கும் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தார். அது நிஜமாகவே ஒரு மரம் வரைந்து, இலை வைத்து, கிளையில் குருவியையும் உட்காரவைத்துக் கொடுத்தது. நாற்பத்தேழு பேருடைய பெயர்களும் எறும்பு எறும்பாக இருந்தன. "குருவி நல்லாத் தெரியுது. நான் எங்கடா?" என்றார் பெரியண்ணன். அதோடு சரி. மறுபடியும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கே வந்துவிட்டார்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஆளுக்கொரு கட்டம், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே இரட்டைக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் ஒரு கோடு. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்கப் பார்த்தால்தான் குருவிக் கதையாகும். எழுத்தைப் பெரிதாகவே விட்டு, தாளைப் படுக்கைவாட்டில் வைத்து அச்சடித்தால் மேலே மூன்று, கீழே மூன்று, மொத்தம் ஆறு தாள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்து வெள்ளை ஓரத்தை அளவுகோல் வைத்து வெட்டி, பக்கத்துத் தாளின் ஓரத்தின்மேல் ஏற்றி ஒட்டினால் சுவர் அளவுக்கு மரம் தயார். இதற்கு எதற்குப் பட்டப்படிப்பு?

இந்த வருஷம் மட்டும் அவருக்கு அது லேசான வேலையாக இல்லை. காரணம், சின்னவள்.

அண்ணன், கட்டம், தங்கை என்று மூன்று பேர். தங்கைதான் சின்னவள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள், வாயிலும் நிறுத்தமாட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெரியண்ணன் மகளுக்கு வரன் பேச வந்திருந்தார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் இவள் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "உங்க பையன் எந்த வேலையிலயும் ஆறு மாசத்துக்கு மேல இருக்க மாட்டாராமே, நிஜமா?" என்று கேட்டுவைத்தாள். அவ்வளவுதான். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். பெரியண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உண்மையைத்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னவளும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அப்புறம் வரவேயில்லை.

"அவ கட்டத்தை எடுத்துடு. அவ பேரு என் சுவத்துல இருக்கக் கூடாது" என்று கட்டத்திடம் சொன்னார் பெரியண்ணன்.

அண்ணன் எதிரில் வாய் திறக்காத பிறவி இவர். கணினி முன் உட்கார்ந்து, தங்கையின் கட்டத்தைத் தொட்டு, அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தார். விரல் இறங்கமாட்டேன் என்றது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைக்குட்டி என்பதால் தங்கையின் கிளை மரத்தின் வலது கோடியில் இருந்தது. அதற்கு முன்னாலேயே அச்சு முடிந்துவிடும்படி எல்லை குறித்துவிட்டார். தங்கை கோப்பில் இருப்பாள், தாளில் வரமாட்டாள். பாம்புக்கும் நோகாமல், பாம்படிக்கும் கோலுக்கும் நோகாமல்! ஆனால் அதே பயத்தில் தங்கைக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் ஐந்து வருஷத்தைக் கடத்திவிட்டார். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

பெரியண்ணன் மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்து, இப்போது கைக்குழந்தையும் இருக்கிறது. இந்த வருஷம் அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "அத்தை வந்தாத்தான் நானும் வருவேன்." பெரியண்ணன் அரை நாள் யோசித்தார். பிறகு கட்டத்துக்குப் போன் செய்து, "அவ கட்டத்தைப் போட்டுடு" என்றார். மூன்றே வார்த்தை. கட்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் அதே வேலை. திரையில் தங்கையின் கட்டத்துக்குத் தடித்த கோடு போட்டார், எழுத்தை மாற்றினார், எழுந்து போய்த் தள்ளி நின்று பார்த்தார். "மணப்பெண்ணைக்கூட இவ்வளவு தரம் பார்க்கலையே நீங்க!" என்றாள் மனைவி. இந்தத் தாளில்தான் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். வாயால் கேட்க வராது. சனிக்கிழமை மாலை அச்சடித்தார். எப்போதும்போல ஆறு தாள் வந்தது. எப்போதும்போல வெட்டினார், ஒட்டினார், சுருட்டி ரப்பர் போட்டார். பழகிய கை கேள்வி கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சின்னவள் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாசலில் நின்றாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வா" என்றார் பெரியண்ணன்.

"வந்துட்டேன்" என்றாள்.

பெரியண்ணன் மகள்தான் ஓடிப்போய்க் குழந்தையை அத்தை கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு மூச்சு வந்தது எல்லோருக்கும். ஒவ்வொருவராக டிக் போட்டார்கள். பேனா கைமாறிக் கைமாறிச் சின்னவளிடம் வந்தது. கட்டம் அடக்கிய சிரிப்போடு ஒதுங்கி நின்றார்.

அவள் நேராக வலது கோடிக்குப் போனாள். அப்பா, அம்மாவின் கட்டத்திலிருந்து இறங்கிய கோடு பெரியண்ணனுக்கு ஒரு கிளை விட்டு, கட்டத்துக்கு ஒரு கிளை விட்டு, மேலும் போய்த் தாளின் ஓரத்தில் நின்றது. அங்கே அவளுக்கான கட்டம் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, நாம எங்கம்மா?" என்றான் அவளுடைய சின்னப் பையன்.

அவள் பேனாவை மூடினாள். "தாள்ல இடம் பத்தலை போல. பரவால்ல" என்றாள். பையனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

கட்டம் சுவரருகே ஓடிவந்தார். "இருக்கு… நீ இருக்கே… சத்தியமா இருக்கே…" என்று திக்கினார்.

"டேய், நான்தான் போடச் சொன்னேன்ல?" என்று அண்ணன் சத்தம் போட்டார்.

அப்போதுதான் கட்டத்துக்கு உறைத்தது. ஆறு தாள்! எட்டு வந்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குறித்த எல்லையை எடுக்கவேயில்லை! தங்கையின் கட்டத்தை அலங்காரம் பண்ணினானே தவிர, கதவைத் திறந்துவிட மறந்துவிட்டான், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சட்டைப் பையில் எப்போதும் பென் டிரைவ் இருக்கும். அண்ணன் மகளின் மடிக்கணினியில் சொருகி, கோப்பைத் திறந்து, திரையைத் தங்கை பக்கம் திருப்பினார். அச்சு எல்லையின் புள்ளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். புருஷன் இருந்தார். கீழே மகள், மகன்.

"நேத்து சேர்த்ததா?" என்றாள் சின்னவள்.

 கட்டம் விரலால் காட்டினார். தொழிற்சாலைப் பழக்கம், எதை மாற்றினாலும் கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் மாற்றிய தேதியைப் போட்டுவிடுவார். மகன் பிறந்ததை, அவன் பிறந்த மறுநாளே சேர்த்திருந்தார். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தது, அதே வாரம். சின்னவள் புது வேலைக்குப் போனது, வீடு மாறியது, எல்லாம் அந்தந்தத் தேதியில்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான்" என்றாள் கட்டத்தின் மனைவி. "நாத்தனாரோட பேசக் கூடாதுன்னு என்கிட்ட யாரும் சொல்லலையே."

சின்னவள் அழுதேவிட்டாள். "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா சின்னண்ணா? ஒரே ஒரு போன்!"

"பயம்" என்றார் கட்டம். "முதல்ல அண்ணனுக்குப் பயம். அப்புறம் நாளாக நாளாக உனக்குப் பயம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடமே சிரித்தது. பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் போய், அந்தக் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்னா, கோடு எதுக்குடா உன்னைத் தாண்டிப் போகுது?" என்றார். "வருஷா வருஷம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ அழிக்கலேன்னு எனக்குத் தெரியும். கேட்டா நீ உண்மையைச் சொல்லுவே, அப்புறம் நான் கோபப்பட்டாகணும். அதான் கேட்கலை."

கட்டம் குனிந்து அச்சு எல்லையை எடுத்துவிட்டு, கடைசி இரண்டு தாளை மட்டும் அச்சுக்குக் கொடுத்தார். அந்த வீட்டு அச்சுப்பொறியில் கருப்பு மை தீர்ந்துபோயிருந்தது. சின்னவள் குடும்பம் நீல நிறத்தில் வந்து விழுந்தது. அதுவும் போகட்டும், ஒட்ட இடமில்லை. மரம் சுவரின் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி மகளின் புருஷன் கையில் கொடுத்தார். "மடக்கி ஒட்டுடா. மூலை திரும்பினா கோடு அறுந்தா போயிடும்?" என்று டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். கோடு மூலையில் மடங்கி, பக்கத்துச் சுவரில் போய்த் தங்கையைத் தொட்டது.

சின்னவள் தன் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

"வராத அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்துப் போடு" என்றார் பெரியண்ணன்.

"வராத நாளுக்கு டிக் போடக் கூடாதுண்ணா" என்று கட்டத்தின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறவிக் குணம், என்ன செய்வது! பெரியண்ணனை எதிர்த்து அவர் பேசியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"அவ வரலேன்னு யாருடா சொன்னா?" என்றார் பெரியண்ணன். "தாள் முடியற இடத்துல நின்னுக்கிட்டுத்தானே இருந்தா. நாமதான் கூப்பிடலை."

சின்னவள் இன்னும் ஐந்து டிக் போட்டாள். பிறகு பேனாவைப் பெரியண்ணனிடம் நீட்டினாள். வீட்டுக்காரர் என்பதால் எப்போதும் கடைசியாகப் போடுகிறவர், அன்றைக்கு இன்னும் போட்டிருக்கவில்லை.