ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள்

1

இது நான் கற்பனை செய்த கதையில்லை, பிடுங்கிய கதை. 2013இல் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் தெரிந்த பிள்ளை சஜிதா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். ஒரு றோல்ஸ் தின்று முடிகிற நேரத்துக்குள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் கைதுடைக்கிற காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதத்தில் எண்ணெய் பட்டு அரைவாசி அழிந்துவிட்டதால், அந்த அரைவாசிக்கு மட்டும் நான் பொறுப்பு.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[2012, ஓகஸ்ட். பரமட்டாவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சஜிதா சன்னலோரம் நின்று]

வெட்டிவிட்டேன். அன்று மழையில்லை. அவள் சன்னலோரம் நிற்கிற ஆளுமில்லை. இரண்டாவது தொடக்கம்:

[தகவல் யுகத்தில் மனிதன் தன் நினைவுகளை]

இது அதைவிட மோசம். இப்படித் தொடங்குகிற கதையை நானே வாசிக்கமாட்டேன்.

நண்பர் சிறிதரனோ, “மென்பொருளைப் பற்றி ஆர் ஐசே வாசிப்பான்? ஒரு காதலையாவது வையும்” என்றார். வைக்கமாட்டேன். ஒரு பெண் தன் வேலையைத் திறமாகச் செய்தாள் என்று எழுத ஒரு காதல் முட்டுக்கொடுக்க வேண்டுமா என்ன? எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதுதான் எழுதுகிறேன், வேறு காரணமில்லை.

2

சஜிதாவின் வேலை இதுதான். பெரிய நிறுவனங்களிடம் இலட்சக்கணக்கில் படங்கள், விளம்பரங்கள், காணொளிகள், சின்னங்கள் குவிந்து கிடக்கும். எது புதியது, எது பழையது, எதை அச்சுக்கு அனுப்பலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துத் தேடி எடுப்பதற்கு ஒரு மென்பொருள். அதற்கு ‘பெட்டகம்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.* அந்தப் பெட்டகத்துக்குள் முதல் நாள் நுழைகிற ஊழியர் மிரளாமல் பழகிக்கொள்ள, எந்தத் திரைக்குப் பிறகு எந்தத் திரை, எங்கே என்ன சொல்வது என்று ஒழுங்குபடுத்துவதுதான் அவளுடைய பாடு.

(* உண்மைப் பெயர் ஆங்கிலம். வாயில் நுழையாது. விடுங்கள்.)

பெட்டகத்தைச் செய்தது சிட்னியிலேயே பரமட்டாவில் மூன்றாம் மாடியில் ஒன்பது பேர் வேலை செய்கிற சின்னக் கொம்பனி. அதற்கு மெல்பேர்னில் தலைமையகம் உள்ள ஒரு தளபாடக் கடை நிறுவனம் வாய்ப்புக் கொடுத்தது. டண்டினொங் களஞ்சியத்திலிருந்து கடை முகப்பு வரை நானூறு ஊழியர்கள். முதல் நாள் மேலிடத்துக் கட்டளைக்குப் பயந்து நானூறு பேரும் பெட்டகத்துக்குள் வருவார்கள். இரண்டாம் வாரம் தாங்களாகத் திரும்பி வருகிறவர்கள் இருநூற்றைம்பது பேருக்குக் குறைந்தால் ஒப்பந்தம் இல்லை.

இதற்கு முன்னால் இரண்டு வருடம் சஜிதா மற்றவர்கள் தீர்மானித்த பொத்தான்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தவள். முதல் திரையிலிருந்து கடைசித் திரைவரை அவளை நம்பி ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. பிழையாய்ப் போனால் இந்த வேலை வெளியாருக்குப் போகும், அவள் பழையபடி நிறம் தீட்டப் போவாள். இதை முகாமையாளர் தனேஷ் அவளுக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

3

வரைந்த திரைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குக் கொம்பனியிடம் வசதியில்லை. அவள் என்ன செய்தாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெரிலேண்ட்ஸில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போனாள். அம்மா தவநாயகி அன்றைக்குப் பதினொரு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சோதிக்க ஆள் வந்தாயிற்று.

முதல் திரையில் ஒரேயொரு கேள்வி: ‘சுற்றிக் காட்டட்டுமா?’ கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று ‘ஆம்’, மற்றது ‘வேண்டாம், நன்றி’. ஆம் என்று அமத்தினால் ஒரு வழிகாட்டி வந்து படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும்.

பதினொரு பேரில் ஒன்பது பேர் வேண்டாம் என்று அமத்தினார்கள். பிறகு வாய் பேசாமல் தட்டுத்தடுமாறினார்கள். வரதராஜா அங்கிள் ஒரு கதிரைப் படத்தைத் தேடப் போய் முழுப் பெட்டகத்தையும் மூடிவிட்டார். எழும்பும்போது எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: “நல்லாயிருக்குப் பிள்ளை. சோக்கான வேலை.”

திங்கட்கிழமை சஜிதா அறிக்கை எழுதினாள். பதினொரு பேருக்கும் திருப்தி, ஒன்பது பேர் வழிகாட்டி கேட்கவில்லை. தனேஷ் வாசித்துவிட்டு, “அப்ப வழிகாட்டியையே எடுத்துடலாம், ரெண்டு வாரம் மிச்சம்” என்றார். அவளும் ஓம் என்றாள். தவளை தன் வாயால் கெட்டது.

4

அடுத்த ஞாயிறு வரதராஜா அங்கிள் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“இருங்கோ, தேத்தண்ணி போடட்டோ?” என்று தவநாயகி கேட்டார்.

“சீச்சீ, வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்.”

தவநாயகி அந்தச் சொல்லைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தார். அங்கிள் இரண்டு கோப்பை குடித்தார், பால் கொஞ்சம் கூட வேண்டுமென்று கேட்டும் வாங்கினார்.

குசினி வாசலில் நின்ற சஜிதா அந்த இரண்டாவது கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தை நான் ஏழு தடவை எழுதினேன். ஒருமுறை அவளுக்கு மின்னல் வெட்டியது போல் இருந்தது என்று எழுதி வெட்கப்பட்டு அழித்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “அந்த ரெண்டாவது கோப்பையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், அண்ணா.” அதையே வைத்துக்கொண்டேன்.)

“அங்கிள், போன கிழமை சுத்திக் காட்டட்டோ எண்டு கேட்டதுக்கு ஏன் வேண்டாமெண்டு அமத்தினனீங்கள்?”

“பிள்ளை, கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லலாமே? பறக்காவெட்டி, காணாததைக் கண்டவன் எண்டு நினைக்கமாட்டினமே?”

“அது மெஷின் அங்கிள்.”

“மெஷின்தான். ஆனா நீ பக்கத்திலை நிண்டனி எல்லோ. உனக்கேன் கரைச்சலெண்டு விட்டன்.”

“பேந்து நல்லாயிருக்கு எண்டு சொன்னீங்களே?”

அங்கிள் தவநாயகியைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார். “சாப்பிட்ட வீட்டிலை வேறை என்னத்தைப் பிள்ளை சொல்லுறது?”

5

இங்கே தனேஷைப் பற்றி நான் ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் அவருக்குப் பீட்டர் என்று பெயர் வைத்து, வெள்ளைக்காரனாக்கி, மேசையில் குத்தவும் வைத்தேன். அப்படி எழுதுவது சுலபம், வாசிக்கிற நாங்களும் பழகிப்போனோம். சஜிதா வாசித்துவிட்டு லிட்கமில் இருக்கும் என் வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

“அண்ணா, அந்தாள் தமிழ், மலேசியாவிலை கிள்ளான். மேசையிலை குத்தினதுமில்லை. ஏன் அவரைப் பழுதாக்கிறியள்?”

அதனால் திருத்தி எழுதுகிறேன். தனேஷ் மாணவனாகச் சிட்னிக்கு வந்து இங்கேயே நின்றுவிட்டவர். சத்தம் போடாதவர். கணக்கைத் தவிர வேறெதையும் நம்பாதவர். சொன்ன சொல்லை மறக்கவே மாட்டார். இந்தக் கடைசிக் குணம்தான் வில்லனைவிடக் கரைச்சல்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சஜிதா எழும்பினாள். அறிக்கையைப் பற்றி அவள் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். பதினொரு பேரும் அவளுடைய அம்மா வீட்டு விருந்தாளிகள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை. தன் அறிக்கை பிழை என்று எல்லாருக்கும் முன்னால் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் எல்லாம் தன் சொந்தக்காரர், தெரிந்தவர்கள் என்றும் சொன்னாள். காது இரண்டும் சுட்டதாம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் தனேஷ் தமிழில் கேட்டார். “சரி, நம்ம அங்கிள் வெக்கப்பட்டு வேணாம்னாரு. மெல்பேர்ன்ல சோபா விக்கிறவங்க எதுக்கு வெக்கப்படணும்?”

சஜிதா யோசித்துச் சொன்னாள்.

“முதல் நாள் வேலைக்குப் போற இடத்திலை, பக்கத்திலை பத்துப் பேர் பாத்துக்கொண்டு நிக்க, ஆர் தனக்குத் தெரியாது எண்டு அமத்துவினம்? நீங்கள் இஞ்சை வந்த முதல் நாள் ஆரையாவது கேட்டனீங்களே?”

“போட்டோகாப்பி மெஷின் முன்னால அரை மணிநேரம் நின்னேன் லா,” என்றார் தனேஷ். “ஒருத்தி வந்து உதவி வேணுமான்னு கேட்டா. வேணாம்னுதான் சொன்னேன்.”

இரண்டு வாரம் கொடுத்தார். “ஆனா இது உன் பேர்லதான் போகும். கவுந்தாலும் உன் பேர்தான்.”

“ஓம்,” என்றாள்.

6

அந்த இரண்டு வாரத்தைக் கதையாக எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் கேள்வித் திரையைத் தூக்கி எறிந்தாள். உள்ளே வருகிற ஊழியருக்கு முன்னால் அவர் வேலை செய்கிற கடையின் படமே வந்து நிற்கும், அந்தப் படத்தின் பெயரில் பாதி எழுதப்பட்டிருக்கும். மிச்சத்தை எழுதாமல் விட ஒருவருக்கும் மனம் வராது. எழுதினால் பெயரிடப் பழகியாயிற்று. உடனே பக்கத்தில் அதே கடையின் பழைய படம் ஒன்று வரும், எது புதியது என்று தேடக் கை தானாகப் போகும். அதுவும் பழகியாயிற்று. ‘வழிகாட்டி’, ‘பாடம்’, ‘உதவி’ என்ற சொற்கள் எந்தத் திரையிலும் இல்லை.

நான் இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். வாசகரை இவ்வளவு மரியாதையாக ஒருநாளும் உள்ளே கூட்டிவந்ததில்லை. பொறாமையாகவும் இருக்கிறது. எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

7

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

(அ) இரண்டாம் வாரம் வந்தது நூற்றுத்தொண்ணூறு பேர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு

சோகம் வைத்தால்தான் இலக்கியம் என்று சிறிதரன் சொல்வார். ஆனால் இது பொய். திரும்பி வந்தது இருநூற்றெண்பத்தேழு பேர். ஒப்பந்தம் கிடைத்தது. அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதை மூடிமறைத்து எழுத எனக்கு என்ன விசரா?

(ஆ) மெல்பேர்ன் கூட்டத்தில் தளபாட நிறுவனத்தின் தலைவி எழும்பி, “இந்த முதல்நாள் திரைகளைச் செய்தது யார்?” என்று கேட்க, எல்லாரும் சஜிதாவைத் திரும்பிப் பார்த்து

இதுவும் நடக்கவில்லை. நான் ஆசைப்பட்டது.

நடந்தது இதுதான். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: “உங்கள் மென்பொருள் மிக இலகு. பயிற்சியே தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் தாங்களாகவே பழகிவிட்டார்கள்.” தனேஷ் சஜிதாவைப் பார்த்தார். அவள் பேச இடம் விட்டு, பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

(இ) சஜிதா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் அந்த மேசைக்கும் இடையிலான விஷயமாம், சொல்லமாட்டாளாம். “அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள் அண்ணா, நீங்கள்தானே எழுத்தாளர்,” என்று சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். அவள் எழும்பி, அது தன் கைவேலை என்று சொன்னதாக ஒரு பிரதி எழுதினேன். வாசிக்க நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்றும் சொல்லாமல், மற்றவர்கள் தன் வேலையைப் புகழ்வதைத் தானும் கேட்டுக்கொண்டு இருந்ததாக இன்னொரு பிரதி எழுதினேன். அதை வாசித்தும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இரண்டில் ஒன்றைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் பேசினாளா, பேசாமல் இருந்தாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், பெயர்களைக்கூட மாற்றுங்கள். அந்த இருநூற்றெண்பத்தேழு பேரில் ஒருவர்கூடத் தானாகப் பழகவில்லை என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.