நூற்றிருபது தப்படி

குண்டு தப்பவில்லை என்பது பனியைப் பார்த்ததுமே லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. மான் நின்ற இடத்தில் கத்தரித்துப் போட்டதுபோல ஒரு பிடி முடி கிடந்தது. நாலு எட்டு தள்ளி ரத்தம். நல்ல சிவப்பாக இருந்திருந்தால்கூட அவள் மனம் ஆறியிருக்கும். இது கறுத்த ரத்தம். நடுநடுவே பச்சையாக, மென்ற தழையின் சக்கை. வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது, நாள் முழுக்கச் சாகும்.

"தப்பிடுச்சு" என்றான் மெர்ல். லோர்னாவின் கணவன் வெர்னனுக்கு அண்ணன். மேட்டில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து, நிதானமாகத் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தப்பலை. இறங்கி வந்து பாரு."

"பார்த்தேன். கீறல்தான். ரெண்டு நாள்ல ஆறிடும்."

"கீறல்ல புல்லு வெளிய வருமா?"

லோர்னா மான் நின்ற இடத்திலிருந்து அவன் உட்கார்ந்திருந்த மரம் வரைக்கும் எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றிருபது தப்படி.

பென்சில்வேனியாவின் அந்த மலைகளில் கிறிஸ்துமஸ் கழிந்ததும் வரும் மான் பருவம் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும்தான். ஒரே குண்டு. குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். விசையை இழுத்தால் கல் உரசி, வெளிக்கிண்ணியில் இருக்கும் பொடி பற்றி, அந்தத் தீ துளை வழியே உள்ளே போய்த்தான் வெடிக்கும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் மானும் நகரும், கையும் ஆடும். அதனால்தான் ஐம்பது தப்படிக்கு மேல் சுடக்கூடாது என்று அவர்கள் கூட்டாக வைத்திருந்த வேட்டைக் குடிலில் ஆதியிலேயே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

"நூத்தி இருபது, மெர்ல்! அம்பதுல நிக்கறதே உன் கண்ணுக்கு மானா மாடான்னு தெரியாது!"

"நீ ஓட்டற ஸ்கூல் பஸ்ல பசங்களை அதட்டற மாதிரி என்னை அதட்டாத. நான் உன் பள்ளிக்கூடத்துப் பையன் இல்ல." அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கால் வலிக்குது. குடில்ல நம்ம கிளீட் பன்னிக்கறி வேகவச்சிருப்பான். நான் போறேன்."

"அதைத் தேட மாட்டே?"

"உனக்கு அவ்வளவு பாசமா இருந்தா நீ தேடு."

போய்விட்டான். அந்தப் பரந்த முதுகு மரங்களுக்கிடையே ஆடி ஆடி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க லோர்னாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக்கூடாது. நாலைந்து மணி நேரம் விட்டால் எங்காவது படுத்துவிடும். ஆனால் பொடிப்பனி விழ ஆரம்பித்திருந்தது. காத்திருந்தால் தடமே மூடிப்போகும். முகட்டுக்கு அந்தப் பக்கம் மான்களை விரட்டிக்கொண்டிருந்த வெர்னனுக்காகவும் அவள் நிற்கவில்லை. துப்பாக்கியின் விசைப்பகுதிமேல் தோல் உறையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினாள்.

அது முதலில் படுத்த இடம் அரை மைலில் இருந்தது. மான் படுத்த குழியில் பனி உருகி, அடியில் கறுப்பாக உறைந்திருந்தது. இரண்டாவதாகப் படுத்த இடம் அடுத்த சரிவில். அங்கே அது காலால் தரையைப் பறித்திருந்தது. 'வலி தாங்காமல் பறித்திருக்கிறது' என்று நினைத்ததும் வாய்விட்டே திட்டினாள். இத்தனைக்கும் நடுவில் இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. அவளிடம் பெண்மானுக்கான அனுமதிச் சீட்டு ஒன்றே ஒன்று. இந்தப் பெண்மானைக் கொன்றால் சட்டப்படி தன் சீட்டைத்தான் அதன் காதில் கட்ட வேண்டும், அவளுடைய வேட்டைப் பருவம் இன்றோடு முடிந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

மதியம் ஒரு மணிக்கு ஓடைக்கரையில் ஹெம்லாக் மரங்களுக்கு அடியில் அதைக் கண்டாள். முப்பது தப்படி. தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தது. உறையைக் கழற்றி, குறிபார்த்து இழுத்தாள். கிண்ணியில் பொடி பளிச்சென்று எரிந்தது. புகை வந்தது. வெடிக்கவில்லை. ஈரம் துளையை அடைத்திருந்தது.

மான் எழுந்தது. எப்படித்தான் எழுந்ததோ, தள்ளாடிக்கொண்டு ஓடையைக் கடந்தது.

"நாசமாப் போவே, மெர்ல்!" என்று கத்தினாள். சிறிது நேரம் துப்பாக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே பொறி இருந்தாலும் இருக்கும் என்று. பிறகு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால்வரை ஏறி பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீர் ஊசியாகக் குத்தியது. எதிர்க்கரையில் ஏறி, கம்பி முனையால் துளையைக் குடைந்து, கிண்ணியைத் துடைத்து, புதுப்பொடி வைத்தாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

மானால் மேடேற முடியவில்லை. திரும்பி நின்று அவளையே பார்த்தது. இருபது தப்படிகூட இருக்காது. இந்தமுறை துப்பாக்கி முழங்கியது. வெள்ளைப்புகை கலைந்தபோது மான் கீழே கிடந்தது. அசையவில்லை.

வயிற்றைக் கிழித்தபோது எழுந்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பனியை அள்ளி அள்ளி உள்ளே கழுவினாள். சீட்டில் பெயரெழுதி மானின் காதில் கட்டினாள். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். இரண்டு மணி நேரம் இழுத்தாள்.

குடிலை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. குண்டைத் தப்பவிட்டவனின் சட்டைப் பின்விளிம்பைக் கேலியாக வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். மெர்ல் பின்விளிம்பு வெட்டப்பட்ட சட்டையோடு, கையில் பியரோடு வாசலுக்கு வந்தான். பின்னால் வெர்னனும், சமையல் கரண்டியோடு கிளீட்டும்.

மானைப் பார்த்ததும் மெர்லின் முகம் ஒரு கணம் செத்தது. மறுகணமே பல்லிளித்தான்.

"பார்த்தீங்களாடா! நூத்தி இருபது தப்படி! பட்டிருக்கு! கிளீட், சுவத்துல அடிச்ச அந்தத் துணியைக் கழட்டு. வெர்னன், ஒரு போட்டோ எடு."

அவன் மானின் காதைப் பிடித்துத் தூக்கக் குனிந்தான். லோர்னா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத."

"என்ன லோர்னா, முதல் குண்டு என்னோடது."

"ஆமா, உன்னோடதுதான். அது நாலு மணி நேரம் வயித்துல சுமந்துட்டு நடந்துச்சு. பறிச்சுப் பறிச்சுப் படுத்துச்சு. நீ இங்க நெருப்புக்கிட்ட உக்காந்து கறி தின்னே. ரத்தத்தைக் கண்ணால பார்த்துட்டுத் தப்பிடுச்சுன்னு சொன்னே. அதை மறைக்கச் சட்டையை வேற வெட்டவிட்டுச் சிரிச்சே. வெக்கமா இல்ல?"

மெர்லின் கழுத்து சிவந்தது. "என் தம்பி உன்னைக் கட்டினதாலதான் இந்தக் குடில்ல உனக்கு ஒரு கட்டில். அதை ஞாபகம் வச்சுக்க."

லோர்னா வெர்னனைப் பார்த்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளீட் மட்டும், "மெர்ல், வாயை மூடு" என்றான் தணிந்த குரலில்.

அவள் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். மானைத் தனியாகத் தூக்க முடியவில்லை. கிளீட் கரண்டியைப் பனியில் போட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தான். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபோது மறுபக்கக் கதவு திறந்தது. வெர்னன் கையில் கோட்டோடு ஏறி உட்கார்ந்தான்.

மலைச்சாலை முடிந்து சமவெளியைத் தொட்டபோது அவன் வாயைத் திறந்தான்.

"அவன் எப்பவும் அப்படித்தான், லோர்னா."

"அவன் அப்படித்தான். நீ எப்படி?"

வைப்பர் இரண்டுமுறை போய்வந்தது.

"நானும் ரத்தத்தைப் பார்த்தேன்" என்றான். "முகட்டுலேர்ந்து இறங்கும்போது தடத்தைக் கடந்தேன். அதுமேல உன் பூட்ஸ் அடையாளமும் இருந்துச்சு. நீதான் போறியே, உன்னால முடியும்னு விட்டுட்டேன். குடிலுக்கு வந்தா அவன் தப்பிடுச்சுன்னான். கத்தரியை என் கைல குடுத்தாங்க. அவன் சட்டையை நான்தான் வெட்டினேன்."

லோர்னா வண்டியை ஓரங்கட்டினாள். அவனை இறங்கச் சொல்லத்தான் நிறுத்தினாள். பூட்ஸுக்குள் கால் விறைத்துப் போயிருந்தது. அந்தக் காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சும் வெட்டினே" என்றாள் கடைசியில்.

"தெரிஞ்சுதான்."

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் மானைத் தொங்கவிட்டார்கள். அவள் உலர்ந்த காலுறை மாற்றிக்கொண்டு வந்து, கெட்டுப்போன பகுதியை அறுத்தெறியத் தொடங்கினாள். பின்தொடைக்கறி தேறும். விலாவில் பாதி நாய்க்குக்கூட ஆகாது. வெர்னன் கைகழுவும் தொட்டியருகே நின்று அண்ணனுக்குப் போன் போட்டான். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, உரக்கவே பேசினான்.

"நான்தான். இல்ல, நீ கேளு. ரத்தத்தை நானும் பார்த்தேன், மெர்ல். உனக்காகப் பொய் சொன்னேன்... அவளைப் பத்திப் பேசாத. நான் என்னைப் பத்திப் பேசறேன். குடில்ல எனக்கும் பங்கு இருக்கு. அவ கட்டில் அவளோடது. இனிமே நீ அம்பது தப்படிக்கு மேல சுட்டா உன் மூட்டையை நானே வெளிய வைப்பேன்." எதிர்முனையில் மெர்ல் கத்துவது லோர்னா நின்ற இடம்வரை கேட்டது. வெர்னன் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்தான்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு வெர்னன் அவள் பக்கம் திரும்பினான். பாராட்டை எதிர்பார்க்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பே எரிச்சலூட்டியது.

"இதைக் குடில்லயே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"ஆமா."

"அந்தச் சின்னக் கத்தியை எடு. விலாவை நீ பாரு. நாத்தம் பிடிச்ச பக்கம்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான்.